நாலு மாடிக்கு நாற்பத்தைந்து வாட்

கூடலூரில் மோட்டார் என்று யார் வாயெடுத்தாலும் மாரீஸ்வரி கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை அடி தூக்கணும்?" என்பதுதான். அறுநூறு அடி போரோ, திராட்சைத் தோட்டத்துத் தொட்டியோ, உயரத்தைச் சொன்னால் போதும்; எத்தனை குதிரைச் சக்தி என்று கையோடு சொல்லிவிடுவாள். பதினாறு வருஷமாக மோட்டார் கடை நடத்துகிறாள், ஒருதரம்கூடப் பிசகியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

குமுளி ரோட்டில் சுந்தரலிங்கம் நாலு மாடிக்கு லாட்ஜ் கட்டினார். மொட்டைமாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டி. கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தால் இரண்டு வாளி பச்சைத்தண்ணீர் வீணாய்ப் போன பிறகுதான் சூடு வந்தது. வெந்நீர் குழாயிலேயே தேங்கி ஆறிப்போகாமல், இன்னொரு குழாய் வழியே மேலே திரும்பிச் சுற்றிக்கொண்டே இருக்க ஒரு பம்பு வேண்டும் என்றார். நாலு மாடியா, ஒன்றரை ஹெச்.பி. என்று மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிட்டாள்.

சுவிட்சைப் போட்டதும் குழாயெல்லாம் அலறின. சுவரே அதிர்ந்தது.

"என்னத்தா இது, லாட்ஜா ரைஸ் மில்லா?" என்றார் சுந்தரலிங்கம். "வெள்ளிக்கிழம மலைக்குப் போற சாமிக மொத பஸ்ஸுல வர்றாக. தேனி கம்பெனிக்குப் போன் போட்டுட்டேன். நாளைக்கு வந்து எல்லாத்தையும் கழட்டிட்டு அவுகளே மாட்டிருவாக."

மாரீஸ்வரிக்கு முகம் செத்துப்போனது. தேனிக்காரர்கள் ஒருதரம் உள்ளே வந்துவிட்டால், அந்த ரோட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் மற்ற ஆறு லாட்ஜ் வேலையும் அவர்களுக்குத்தான்.

"அவுக வர்ற வரைக்கும் டயம் குடுங்கண்ணே," என்று கேட்டு வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

பம்பை நிறுத்தினாள். திரும்பி வருகிற குழாய் தொட்டியில் சேரும் இடத்து வால்வை மட்டும் மூடிவிட்டு, அந்தக் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு கண்ணாடி டியூபைச் செருகித் தூக்கிப் பிடித்தாள். பம்புதான் ஓடவில்லையே, தண்ணீர் கீழே எங்கேயோ கிடக்கும் என்று நினைத்தாள். தண்ணீரோ டியூபுக்குள் விறுவிறுவென்று ஏறி, தொட்டியில் என்ன மட்டமோ அதே மட்டத்தில் வந்து நின்றது.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இறங்குகிற தண்ணீரின் கனமே ஏறுகிற தண்ணீரை மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இது கிணறு இல்லை, இங்கே தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. குழாயில் உரசுவதை மீறி மெல்ல நகர்த்திவிட்டால் போதும்.

எவ்வளவு மெல்ல? டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு மாடி ஓடினாள். போய்வருகிற குழாய் நூற்றிருபது மீட்டர். உறை போட்ட குழாயில் மீட்டருக்குப் பத்து வாட் சூடு கசியும் என்று உறையோடு வந்த தாளில் போட்டிருந்தது. ஆக, ஆயிரத்து இருநூறு வாட். ஒரு சுற்று வருவதற்குள் ஐந்து டிகிரிக்கு மேல் ஆறக்கூடாது என்றால், நிமிஷத்துக்கு மூன்றரை லிட்டர் சுற்றினால் தீர்ந்தது. சுவரில் சாக்பீஸால் எழுதி மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது. சாப்பாட்டைக்கூட மறந்து, அதற்கேற்ற பம்பு வாங்கத் தேனி பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் பையிலிருந்து எடுத்த பம்பு ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. நாற்பத்தைந்து வாட்.

"யானப் பசிக்குச் சோளப்பொரியாத்தா?" சுந்தரலிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தேனியில இருந்து வேன் கெளம்பிருச்சாம்."

அவள் பழைய பம்பைக் கழற்றினாள். புதியதை மாட்டினாள், குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினாள், சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. கை வைத்துப் பார்த்தால்தான் ஓடுவது தெரிந்தது. அரை மணி நேரம் காத்திருந்தாள்.

"கீழ்த்தளத்துல கடைசி ரூமுல தொறந்து பாருங்கண்ணே."

திறந்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அடுத்த ரூமுக்கு ஓடினார், அதற்கடுத்த ரூமுக்கும் ஓடினார். அப்புறம் நின்று போனை எடுத்தார்.

"தம்பி, வேனத் திருப்பிக்கங்க. ஆளு எங்க ஊர்லயே இருக்காக. இந்த ரோட்டுல மத்த லாட்ஜுக்காரககிட்டயும் நான் சொல்லிருறேன், நீங்க அலைய வேணாம்."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவர் மூடாமல் விட்ட குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நல்ல சூடு.