மழைத் தெருவில் திறந்திருந்த கதவு

பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடப்பதே அவர் பிழைப்பாகிவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து கடவுளோடும் பேச்சுவார்த்தை இல்லை. "அவருக்கு என் ஞாபகமே இல்ல. நான் மட்டும் எதுக்குப் போய் வழியணும்?" என்று மனைவியிடம் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டார்.

டயாலிசிஸ் அறையில் அவர் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. மழையில் நனையும் தெரு, இருண்ட வீடுகள். கையில் ஊசி ஏறியிருக்க, அசைய முடியாமல் மாதக்கணக்கில் அதையே பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. வரைந்தவனுக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா என்று சிடுசிடுப்பார்.

அன்று பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக வந்த தையல்காரம்மா, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தக் கடைசி வீட்டுல யாருக்காகக் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவா? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். ஆமாம், தெருக்கோடியில் கோடு போல ஒரு திறப்பு. உள்ளே மஞ்சள் வெளிச்சம். ஈரப் படியில்கூட அது வழிந்திருந்தது. இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தார்? கொட்டும் மழையில் கதவைத் திறந்து வைத்திருப்பவர், யாரோ வரவேண்டும் என்றுதானே காத்திருப்பார்? கடவுளோடு பேச்சை நிறுத்தியது தாம்தான். அந்தப் பக்கம் யாரும் கதவைச் சாத்தவே இல்லையோ? நினைக்க நினைக்க நெஞ்சு படபடத்தது. இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்ன மாஸ்டர், பிரஷர் எகிறுது? மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வெளியில என் வீட்டுக்காரி இருக்கா, கொஞ்சம் வரச் சொல்லுங்க."

மனைவி பதறியடித்துக்கொண்டு வந்தாள். அவர் ஓவியத்தைக் காட்டினார். அந்தக் கதவு, வெளிச்சம் என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டார். கடைசியில், "சாயங்காலம் நீ வேண்டிக்கும்போது என்னையும் கூப்பிடு," என்றார். அவள் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் வேறு படங்களும் வேண்டும் என்ற மாஸ்டரின் நச்சரிப்பு தாங்காமல், பழைய காலண்டர்களிலிருந்து ஓவியங்களை வெட்டி வாராவாரம் மாற்றி ஒட்டினாள் நர்ஸ். அந்த அறையில் பேச்சு களைகட்டியது. ஒருநாள் கடல் ஓவியம் ஒன்றைப் பார்த்துத் தையல்காரம்மா கண்கலங்கினார். என்னவென்று கேட்டதற்கு, யாருக்கோ நன்றி சொல்லத் தோன்றுகிறது, யாருக்கென்றுதான் தெரியவில்லை என்றார். அது யாருக்கென்று விளக்கிச் சொல்ல மாஸ்டருக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு அவரும் கடலைப் பார்த்தார். சிகிச்சை முடிந்து ஊசியைக் கழற்றிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல், அடுத்த வாரம் என்ன படம் என்று நர்ஸைத் தொணதொணத்துக்கொண்டிருந்தார்.