அண்ணன் ஏன் என் வீட்டில் கை நனைக்கவில்லை

அண்ணன் ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. மருமகள் எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். மூன்றாம் வகுப்புப் படித்த கைதான், ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அண்ணன் கடைசிவரை என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சொத்துத் தகராறு என்று, வருடப் பூசைக்கு வரப்போகும் நீங்கள் பேசியது என் காதுக்கு வந்தது. சொத்தும் இல்லை, தகராறும் இல்லை.

அண்ணன் பிறந்தது கத்திவாக்கம். அப்பாவைக் கடல் கொண்டுபோனதும் ராயபுரத்துக்கு வந்து, மீசை முளைக்கும் முன்பே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்த்தார். அண்ணியார் பிள்ளை இல்லாமலே காய்ச்சலில் போனார்கள். அதன்பின் தீப்பெட்டி ஏற்றி வரும் சாத்தூர் லாரிக்காரர் ஒருவர் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்றைக் கொடுத்தார். முயல் பிடிக்கிற சாதி. ராணி என்று பெயர் வைத்தார்.

ஓடாவிட்டால் அது சோறு தொடாது. விடியலில் அண்ணன் திருவொற்றியூர் வரை சைக்கிள் மிதிப்பார். அது முன்னால் பறந்துபோய் நின்று திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்கு வந்தால் என் மகள் காலடியில்தான் படுக்கும்.

"இன்னா நைனா, நாய்க்கு சோறு போடறதில்லியா? எலும்ப எண்ணலாம் போல கீது" என்பார்கள் தெருவில்.

"ஓடற ஒடம்பு இப்டித்தான் இருக்கும். குந்திகினு துன்ற ஒடம்பு உன்னுது" என்பார் அண்ணன். அண்ணியார் போனபின் அவர் சிரித்தது அந்த நாயால்தான்.

அந்தோணியார் திருநாளில் ஆடு, மாடு, நாய்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பது நம் வழக்கம். அன்று அண்ணனுக்குக் கப்பல் வேலை. "நீ இட்டுகினு போ தங்கச்சி. கழுத்து வார மட்டும் அவுக்காத" என்றார். உரிமம் வாங்கிய பித்தளை வில்லை அந்த வாரில்தான் இருந்தது. வில்லை இல்லாத நாயைக் கார்ப்பரேஷன்காரர்கள் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த அழுக்கு வாரோடு நாலு பேர் முன்னால் போக எனக்குக் கௌரவக் குறைச்சல். வாரைப் பெட்டியில் வைத்துவிட்டு, சிவப்புப் பட்டு நாடாவில் அந்தோணியார் சுரூபம் கோத்துக் கட்டினேன். மந்திரித்து வெளியே வந்ததும் பூனை ஒன்று குறுக்கே ஓடியது. நாடா அறுந்து என் கையில் நின்றது. தெருமுனையில் நாய் வண்டி. நான் ஓடிப்போவதற்குள் ராணியைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

"வில்லை வூட்ல கீதுப்பா, இது எங்க நாயி" என்றேன்.

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. மூணு நாளுக்குள்ள வில்லைய எடுத்துகினு வந்து இட்டுகினு போ" என்றார்கள்.

வேலை விட்டு வந்த அண்ணனிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. "பிச்சிகினு ஓடிடுச்சிண்ணே" என்றேன். வாரை ஏன் அவிழ்த்தாய் என்று ஒரு கேள்வி வருமே, அதற்குத்தான். நானே போய் மீட்கலாம் என்றால், நாய் அடைக்கிற இடத்தில் போய் நிற்பதா என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அண்ணன் வேலைக்குப் போகாமல் எண்ணூர் மணலெல்லாம் ராணி, ராணி என்று கூப்பிட்டு அலைந்தார். நாலாம் நாள் வாரை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கெடு முடிந்ததும் கொன்றுவிட்டார்களாம், வெறும் வாரோடு திரும்பினார்.

"மொத நாளே சொல்லக் கூடாதா தங்கச்சி."

அவ்வளவுதான் கேட்டார். என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் முறை ஒன்று விடாமல் செய்தார். பந்தியில் உட்காராமல் போனார். ஆஸ்பத்திரியில் நான் கொண்டுபோன கஞ்சியை "அங்க வெச்சிட்டுப் போ" என்றார். அவருடைய பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கொடுத்ததைக் குடித்தார்.

அவருக்குக் கஞ்சி ஊற்றிய ஸ்டெல்லாவுக்கும், தோள் கொடுத்த துறைமுகத்துக் கூட்டாளிகளுக்கும் கைகூப்புகிறேன். பூசை முடிந்து சாப்பாடு ஸ்டெல்லா வீட்டில். உன் வீடு பெரிதாயிற்றே என்று கேட்டீர்கள். அண்ணன் சாப்பிடாத வீட்டில் அவர் பெயரைச் சொல்லி இலை போட மாட்டேன்.

அவருடைய தங்கை