புளி தேய்த்த ட்ரம்பெட்

"ஏட்டி, அதுல கை மட்டும் வச்சிராத, கேட்டியா. அது ஒரிஜினல்" என்று துபாயிலிருந்து அண்ணன் வீடியோ காலில் சொன்னபோது எனக்கு உச்சி வரைக்கும் சூடு ஏறியது. கையில் இருந்த போனை அடுப்பில் போடாமல் இருந்தது என் பொறுமை.

அவன் சொன்னது எங்கள் அப்பாவின் ட்ரம்பெட்டை. பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து அப்பா இளவயதில் வாங்கியது. வெளிநாட்டுச் சாமான், பித்தளை மேல் வெள்ளி முலாம். குழித்துறைப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில் அவர் கை தளரும்வரை அதைத்தான் வாசித்தார். அப்பாவையும் அம்மையையும் கடைசிவரை வைத்துப் பார்த்தது நான் என்பதால் அது என் வீட்டு அலமாரியில் கிடந்தது.

இப்போது எங்கள் சபைப் பாடகர் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவள் நான். நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். ஆறு வருடமாக சபைக்குச் சொந்தமான ஒரு ட்ரம்பெட்டில் சமாளித்து வந்தேன். இந்த வருடம் சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கையில் அதன் விரலால் அமுக்குகிற பிஸ்டன் ஒன்று ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டது. "கருவி இருந்தா நில்லுங்க. இல்லேன்னா ஆல்ட்டோ குரல்ல போயி பாடுங்க" என்றார் பாடகர் குழுத் தலைவர். உதடு வீங்க வீங்க ஆறு வருடம் பழகியது, திரும்பவும் பெண்கள் வரிசையில் இரண்டாம் பெஞ்சில் போய் நிற்பதற்கா? அப்பாவின் ட்ரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்த்தேன். பாதிக் காற்று வழியிலேயே ஒழுகியது.

கோட்டாற்றில் வாத்தியம் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். மவுத்பீஸைக் கழற்றி, அது மாட்டும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சு. இத மாத்தணும். புதுசு ஒட்ட சூடு வச்சா சுத்தி எல்லாம் கறுக்கும். பெறவு முழுசா பாலிஷ் போட்டு புதுசா முலாம் ஏத்தணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது பாருங்கள், அந்தப் பழக்கத்தைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணனுக்கு அப்பாவின் ட்ரம்பெட் மேல் திடீர்ப் பாசம். பழைய வாத்தியங்களைச் சேர்க்கிற யாரோ ஒரு வெள்ளைக்காரரின் வீடியோ பார்த்திருக்கிறான். பழைய ட்ரம்பெட்டைப் புதுப்பித்தால் அதன் மதிப்பே போய்விடுமாம். நாகர்கோவிலில் அவன் கட்டுகிற புது வீட்டு ஹாலில் அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு. "உனக்கு வாசிக்கணும்னா புதுசு ஒண்ணு நான் வாங்கித் தாறேன். இது அப்பாக்க கை பட்டதுல்லா" என்றான். எனக்குப் புதுசு வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன். "பிடிவாதம், பிடிவாதம்" என்று சிரித்தான். ஏன் என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அண்ணி ஊருக்கு வந்தபோது அந்த ட்ரம்பெட்டைப் பல கோணத்தில் படம் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டாள். பெல் என்று நாங்கள் சொல்கிற விரிந்த பகுதிக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளி போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரியும். அதைப் பெரிதாக்கி அண்ணன் எழுதினான்: அப்பாவின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். சித்தப்பா மகன் கும்பிடுகிற கையைப் போட்டான். அத்தை அழுகிற முகம் மூன்று போட்டாள்.

அந்த இடத்தில் வாசிக்கிற எவன் கையும் படாது. கை பிடிப்பது பிஸ்டன் பக்கத்தில். ட்ரம்பெட்டை இரண்டு மாதமாவது ஒழுங்காகப் பிடித்திருந்தால் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு வருடம் அப்பா அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எச்சில் தெறித்ததே தவிர சத்தம் வரவில்லை.

தேய்த்தது நான். ஒன்பது வயதிலிருந்து கல்யாணம் ஆகிப் போகும்வரை, சனிக்கிழமைதோறும் கிணற்றடியில் உட்கார்ந்து, வெண்கல உருளி தேய்க்கிற அதே புளியையும் சாம்பலையும் வைத்து அரக்கி அரக்கித் தேய்த்தேன். வெள்ளி முலாமை அப்படித் தேய்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கறுத்தால் புளி, அவ்வளவுதான். மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் அம்மை "இப்பத்தான் நல்லா வெளுத்திருக்கு" என்று மெச்சினாள். விரல் இடுக்கெல்லாம் புளி ஏறி எரியும். அப்பா ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போவார். ஆலயத்தில் எல்லோரும் அது மின்னுகிறது என்பார்கள். அவரும் ஆமாம் என்பார்.

மறுநாளே கோட்டாற்றுக்கு பஸ் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. "முழுசா செய்யுங்க. ஒரு இடம் விடாண்டாம்" என்றேன். ரிப்பேர்காரர் பெல்லின் விளிம்பில் இருந்த நெளிவைக் கட்டைவிரலால் தடவினார். "இத எடுத்திரட்டுமா? எடுக்காட்டியும் சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த நெளிவு கிறிஸ்துமஸ் கேரல் போனபோது கூட்டத்தில் யாரோ இடித்து விழுந்தது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அண்ணனும் அதைத்தான் நம்பினான். நடந்தது வேறு. எனக்குப் பதினோரு வயது. கிணற்றடியில் தேய்த்து முடித்து, ஈரம் துடைத்து, ஒரு தடவை வாயில் வைத்து ஊதினேன். முதல் ஊதலிலேயே சத்தம் வந்தது. முழுச் சத்தம். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அப்பா புறவாசலுக்கு வந்தார். "பொட்டப்பிள்ளைக்கு இது என்னத்துக்குட்டி" என்று பிடுங்கினார். நான் விடவில்லை. அவர் இழுத்த இழுப்பில் பெல் போய்த் துணி துவைக்கிற கல்லில் இடித்தது. என் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்பா ட்ரம்பெட்டைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் டியூஷனுக்குப் போயிருந்தான். அடுத்த சனிக்கிழமை அம்மை வழக்கம்போலப் புளியைக் கரைத்து என் முன்னால் வைத்தாள். நானும் தேய்த்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமும் வெப்ராளமுமாக வருகிறது.

"அது கெடக்கட்டும்" என்றேன் ரிப்பேர்காரரிடம். "மத்ததெல்லாம் புதுசாக்குங்க."

அறுப்பின் பண்டிகை அன்று வாழைக்குலையும் சீனிக்கிழங்கும் குவித்திருந்த பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். காற்று ஒழுகவில்லை. பதினோரு வயதில் கேட்ட சத்தம் அப்படியே வந்தது. ஆராதனை யூடியூபில் போனதால் அண்ணன் துபாயிலிருந்தே பார்த்திருக்கிறான். மத்தியானம் சபையில் எல்லோருக்கும் போடுகிற அசனச் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் குரல் செய்தி வந்தது.

"நல்லா வாசிச்ச. கொள்ளாம். ஆனா மனசே சரியில்ல மக்கா. அப்பாக்க கைத்தடத்த எல்லாம் அழிச்சிட்ட. அந்த நெளிவையாவது விட்டியே, அது போதும் எனக்கு. அப்பாவ நெனைக்க அது ஒண்ணாவது இருக்கு."

வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று பதில் பேசினேன். புளியையும் சாம்பலையும் சொன்னேன். துவைக்கிற கல்லைச் சொன்னேன். கிழிந்த உதட்டைச் சொன்னேன். திரும்பக் கேட்டுப் பார்க்காமல் அப்படியே அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று நீல அடையாளம் காட்டியது. மூன்றாம் நாள் எழுதியிருந்தான்: "எனக்கு தெரியாது மக்கா. அந்த நெளிவ எடுத்திரு. செலவு நான் தாறேன். இனி அத பாக்க முடியாது என்னால."

நான் பதில் போட்டேன்.

"அதுல கை வைக்காத அண்ணே. அது ஒரிஜினல்."