பேங்கொக் வருமுன் மூன்று வகைச் சாப்பாடு

எண்பதுகளின் தொடக்கம். பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறை அரிசி மில்கள் கொஞ்சம் மூச்சு விடும் சித்திரை மாதம். காலை ஐந்தரைக்குக் கல்முனையில் நானும் என் கணவர் இஸ்மாயிலும் கொழும்பு பஸ் ஏறினோம். இவருக்குச் சம்மாந்துறையில் நெல் குற்றும் மில். எனக்குக் கல்முனையில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கும் வேலை. பேங்கொக்கில் மில் இயந்திரங்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இவருக்கு வேறு கதை இல்லை. இங்கிலிஷ் கதைக்க ஆள் வேண்டும் என்ற சாட்டில் நானும் ஒட்டிக்கொண்டேன். விமானத்தை அதுவரை இரண்டு பேரும் கீழிருந்து பார்த்ததோடு சரி.

அம்பாறை, மகா ஓயா, மஹியங்கனை, பதினெட்டு வளைவு மலைப்பாதை, கண்டி. இருநூறு மைலுக்கு மேற்பட்ட வழி. கொழும்பு மருதானையில் இறங்கியபோது பொழுது பட்டுவிட்டது. முட்டிக்கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போலிருந்தன.

மறுநாள் காலை டிக்கட் எடுக்கப் போனோம். டிரவல்ஸ் கடைக்காரர் நல்ல வாய்க்காரர். வந்த நிமிசமே இவரை அண்ணன் முறையாக்கி, காக்கா என்று கூப்பிடத் தொடங்கினார். மேசையில் வர்ணப் படங்களைப் பரப்பினார். எல்லாவற்றிலும் பட்டுச் சட்டை போட்ட இளம்பெண்கள் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"சிங்கப்பூர் வரைக்கும் பெரிய கம்பெனியில போங்க காக்கா. அங்கேர்ந்து பேங்கொக்குக்கு இந்தப் புதுக் கம்பெனி. இதப் போல சேர்விஸ் இந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல. ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல ஓட்டம். அதுக்குள்ள மூணு வகைச் சாப்பாடு, சூடான டவல், பொம்புளயளுக்கு ஓர்க்கிட் பூ."

"பிளேன் எப்பிடி? நல்லமா?" என்று இவர் கேட்டார்.

"அதான் சொன்னேனே காக்கா, நல்ல சாப்பாடு."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. கேள்வி அவருக்கு அப்படித்தான் கேட்டிருந்தது. நாங்களும் தலையாட்டிவிட்டு டிக்கட்டை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தப் புதுக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. பெரிய கம்பெனிகளோடு மோதிப் பார்க்க முளைத்து, சில வருடங்களில் இல்லாமலே போய்விட்டது.

கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் பழையது. பணிப்பெண் நடுத்தர வயதுக்காரி. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. ஆசனப்பட்டி போடச் சொல்லும் விளக்கு எரிந்தவுடன், குடித்து முடிக்காத தேநீர்க் கோப்பைகளைப் பட்டென்று எடுத்துக்கொண்டு போய், தானும் ஓர் ஓர ஆசனத்தில் பட்டியை இறுக்கி உட்கார்ந்துவிட்டாள். "காசு குடுத்து வந்தது இவள்ட மூஞ்சியப் பாக்கவா?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். இவருக்கும் முகம் கறுத்துவிட்டது. அரைக் கோப்பைத் தேநீர் போன கவலை.

சிங்கப்பூரில் ஒரு நாள். உயர உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து நோ வந்தது. அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் புதுக் கம்பெனியின் விமானத்தில் ஏறினோம்.

ஏறும்போதே ஓர்க்கிட் பூ. உட்கார்ந்தவுடன் ஆவி பறக்கும் டவல். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இவரிடம், "பன்றி கலக்காத சாப்பாடு கேக்கணுமே" என்று மெதுவாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பணிப்பெண் குனிந்து, "முஸ்லிம் சாப்பாடு தனியா இருக்குக்கா, நான் எடுத்து வர்றேன்" என்றாள். தமிழ்! எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவள் பெயர் புஷ்பா. பினாங்குப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். நல்ல வட்ட முகம். அந்தப் படங்களில் இருந்த சிரிப்பு இவளிடம் உயிரோடு இருந்தது.

"நீங்க பேசற தமிழ் கேக்க அழகா இருக்கு" என்றாள்.

"ஓம் மகள், எங்களுக்கு உங்கட பேச்சும் அப்பிடித்தான்" என்றார் இவர்.

முதல் வகை சூப். அது முடியுமுன் இரண்டாவது வந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் சாம்பலாகி, பிறகு கரியாகியது. ஆசனப்பட்டி விளக்கு எரிந்தது. விமானம் கற்பாதையில் போகும் வண்டி போல் குலுங்கத் தொடங்கியது. நான் பட்டியை இறுக்கினேன். இவர் சாப்பிடுவதற்காகத் தளர்த்தியதை மறந்துபோய்க் கறியை வழித்துக்கொண்டிருந்தார்.

பணிப்பெண்கள் உட்காரவில்லை. முன்னால் திரைச்சீலைக்குப் பக்கத்தில் அவர்களுடைய தலைவர், கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஆண், உள்ளங்கையை வேகமாக அசைத்தார். 'கெதியாக, கெதியாக' என்று அர்த்தம். புஷ்பாவும் இன்னொருத்தியும் பாரமான உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஆடி ஆடி, மூன்றாவது வகையைப் பரிமாறினார்கள். ஒரு கையால் ஆசனத்தைப் பிடித்து மறு கையால் கோப்பி ஊற்றினாள் புஷ்பா. அப்போதும் சிரித்தாள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. "மகள், இரிங்க! கோப்பி எங்கயும் ஓடாது."

"இன்னும் நாலு வரிசைதான் அங்கிள். முடிச்சிட்டு உக்காந்துக்குறேன்."

அடுத்த வரிசைக்கு அவள் போகவில்லை.

விமானம் விழுந்தது. அப்படித்தான் சொல்ல முடியும். காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் இல்லாமல் போயிற்று. பட்டி என்னை இரண்டாக வெட்டுவது போலப் பிடித்தது. பக்கத்தில் இருந்த மனிதர் மேலே போனார். என் கணவர், மேலே! அவருடைய தோள் கூரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. உணவு வண்டி முழுதாக எழும்பியது. அதோடு புஷ்பாவும். பிறகு எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தன. ஆட்கள், தட்டுகள், செருப்புகள், சூடான கோப்பி. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவை நான் பாதிதான் சொல்லியிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது இவர் இரண்டு ஆசனங்களுக்கு நடுவில் கிடந்தார். "இஞ்சாருங்க! இஞ்சாருங்க!" என்று கத்தினேன். "இரிக்கன் புள்ள, இரிக்கன். தோள்தான் போச்சு" என்றார். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

பாதையில் வண்டி சரிந்து கிடந்தது. அதற்குக் கீழிருந்து புஷ்பா எழும்பினாள். இடது புருவத்திலிருந்து தாடை வரை முகம் பிளந்திருந்தது. ஒரு மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் ஆசன முதுகைப் பிடித்து நிமிர்ந்து நின்றாள். என் பட்டியைக் கண்ணால் பார்த்தாள். இவரை ஆசனத்தில் ஏற்ற எனக்கு ஒற்றைக் கையால் உதவி செய்தாள். "போட்டுக்குங்க அங்கிள், இறுக்கிப் போட்டுக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரத்தம் பல்லில் வடிய வடிய அந்தப் பிள்ளை சிரித்தாள். பழக்கம்! முகத்துக்கு என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது.

விமானம் விழுந்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை உலுக்கியது. நான் சேலை முந்தானையால் அவள் முகத்தைப் பொத்தி, எங்கள் வரிசையில் காலியாக இருந்த ஓர ஆசனத்தில் இழுத்து இருத்தினேன். முன்னால் தலைவர் பயணிகளுக்கென்று வைத்திருந்த வெள்ளை டவல்களை அள்ளி வந்து தரையில் இரத்தத்தையும் கோப்பியையும் துடைத்தார். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. சேவையில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறார்களாம். எனக்கு இங்கிலிஷ் மறந்துபோயிற்றோ என்று நினைத்தேன். தடங்கல் என்றுதான் சொன்னார்.

பேங்கொக்கில் இறங்கியபோது அம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இவருக்குக் காறை எலும்பு முறிவு. கையைத் தூக்கிக் கட்டினார்கள். புஷ்பாவை எங்கள் அறைக்கு எதிர் அறையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தின் பாதியில் துணி. தாயார் பினாங்கிலிருந்து ரயிலில் வரவேண்டும்; அதுவரை அவளுக்கு யாரும் இல்லை. நான் இரண்டு அறைக்கும் நடந்தேன். கஞ்சியைக் கரண்டியால் கொடுத்தால் வாயின் ஒரு பக்கத்தால் வழிந்தது.

"உக்காந்திருக்கலாமே பிள்ள" என்றேன்.

"இறங்கறதுக்குள்ள மூணும் முடிக்கணும்கா. மத்த கம்பெனி ரெண்டு குடுக்குது, நாங்க மூணு. முடிக்கலேன்னா யாராச்சும் குறை சொல்வாங்க, அந்த மாசம் எங்களுக்குப் பேச்சு விழும்."

அடுத்த நாள் காலை கம்பெனி அதிகாரி வந்தார். மெலிந்த, மிகவும் மரியாதையான மனிதர். எங்களுக்குப் பழக்கூடை கொடுத்தார். என் சேலை பழுதானதற்கு மன்னிப்புக் கேட்டார். ஊர் திரும்ப முதல் வகுப்பில் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். எதிர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

"விளக்கு எரிந்த பிறகும் ஏன் பரிமாறினார்கள்?" என்று இங்கிலிஷில் கேட்டேன்.

"பயணிகள் விரும்புகிறார்கள், மேடம். எங்கள் பெயரே சேவைக்குத்தான்."

இவர் அவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். இவர் எழும்பி உட்கார்ந்தார்.

"இவரிட்டச் சொல்லு புள்ள. என்ட தோள் பொருந்தும். அந்தப் புள்ளட முகத்துக்கு என்ன செய்யப்போறீங்க எண்டு கேளு."

கேட்டேன். அது கம்பெனியின் உள் விஷயம் என்றார். பிறகு, எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்து, "அவளை நாங்கள் கைவிட மாட்டோம். பயணிகள் கண்ணில் படாத வேலை ஏதாவது இருக்கும்" என்றார்.

நான் அதை இவருக்குத் தமிழில் சொன்னேன். "பழத்த எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். நான் பழக்கூடையைத் தூக்கி அந்த மனிதரின் கையில் வைத்தேன். அவர் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, வணங்கி, வெளியே போனார்.

அதிர்ச்சி அதோடு முடியவில்லை. பின்னேரம் வேறொரு கம்பெனியின் ஆள் வந்தார். பழக்கூடைக்குப் பதில் அவர் கையில் பூ. காயப்பட்டவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று எப்படி அறிந்தாரோ! "திரும்பும்போது எங்களோடு வாருங்கள், எங்கள் உணவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்" என்றார். இவருக்கு அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

கண்காட்சியின் கடைசி நாளில் கட்டிய கையோடு போய் இயந்திரங்களைப் பார்த்தோம். விற்பனைக்காரர் மணிக்கு எவ்வளவு நெல் குற்றும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இவர் குனிந்து, சுழலும் வார்ப்பட்டியைக் காட்டி, கை அகப்படாமல் இருக்க இதற்கு மூடி எங்கே என்று கேட்கச் சொன்னார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதையே கேட்டார்.

புறப்படும் நாள் புஷ்பாவிடம் விடைபெறப் போனேன். தாயார் வந்துவிட்டார். சின்ன உருவம், மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்துத் துணியை எடுத்திருந்தார்கள். ஒரு நரம்பு வெட்டுப்பட்டுவிட்டதென்று டாக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"அக்கா, கண்ணாடி இருக்கா? கேட்டா யாரும் தர மாட்டேங்கறாங்க."

தாயாரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் அசைந்தது. இன்னொரு தரம் சிரித்தாள். அதே ஒரு பக்கம்.

கண்ணாடியை நெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே யாருக்கும் சிரிச்சுக் காட்ட வேணாம்லக்கா?" என்றாள்.

அது துக்கமா, விடுதலையா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தேன். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. அவள் அந்தக் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை, ஊரில் பாலர் வகுப்பு ஒன்றில் படிப்பிக்கிறாள் என்று ஒரு வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். சந்தோசப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் அந்த இரண்டும் இல்லாத வேறொரு கம்பெனியில் திரும்பினோம். வழி முழுக்க வானம் கண்ணாடி போல் தெளிந்து கிடந்தது. வந்த தட்டை இருவரும் தொடவில்லை.

சிறுபோக நெல் வரத் தொடங்கிய வாரம், ஒரு பகல், இவருக்குச் சாப்பாடு கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன். மில்லின் சத்தம் தெருவிலேயே கேட்க வேண்டும், கேட்கவில்லை. உள்ளே ஆட்கள் வேலியடிக்கும் கம்பி வலையை வெட்டி, வார்ப்பட்டிகளைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பக்கத்து ஊரான சவளக்கடையிலிருந்து நெல் ஏற்றி வந்த இரண்டு டிரக்டர்கள் நின்றன.

"என்ன காக்கா, நெல்லு வாற நேரத்தில மில்ல நிப்பாட்டிப்போட்டீங்க? அடுத்த மில்லுக்காரன் உடனே குத்தித் தாறானாம்" என்று ஒரு டிரக்டர்காரர் சத்தம் போட்டார்.

"ரெண்டு நாள் செல்லும் தம்பி. அவசரமெண்டா அங்க கொண்டு போங்க."

இரண்டு டிரக்டரும் திரும்பிப் போயின. புழுதி அடங்குமட்டும் இவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.