"பார்த்து!" என்று சொல்லக் கூடாத வேலை

கண்ணாடி மாட்டியவர் எங்கோ ஓர் ஊரில் நடந்துகொண்டிருப்பார்; அவர் இந்த ஊரில் விழாமல் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் சரியா தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. டாக்டர் சொல்வதை நான் ஒன்று புரிந்துகொண்டு, அதை உங்களுக்கு வேறு ஒன்றாகச் சொல்லி, நீங்கள் அதை வீட்டில் யாருக்காவது செய்து பார்த்துவிட்டால்? அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன பயிற்சி நிலையம் எங்களுடையது. ஸ்ட்ரோக் வந்து எழுந்தவர்கள், ஞாபகம் தவறுகிறவர்கள் வருவார்கள். தலையில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டியை மாட்டிவிட்டால் அதற்குள் வீடு, கடை, தெரு எல்லாம் தெரியும். தலையைத் திருப்பினால் தெருவும் திரும்பும். தமிழில் இதற்கு மெய்நிகர் என்று பெயராம். மெய்யா, நிகரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்கள் பார்ப்பது சுவர் டிவியிலும் ஓடும். டிவியைப் பார்த்தால் ஆளை விட்டுவிடுவேன். ஆளைப் பார்த்தால் அவர் எதற்காகத் துள்ளுகிறார் என்று தெரியாது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் உங்களில் இருந்தால் என் தவிப்பு புரியும்.

நனையாத தண்ணி

யாழ்ப்பாணத்துக் குடும்பத்து டீச்சரம்மா ஒருவர் வருவார். காலையில் சாப்பிட்டது மதியம் மறந்துபோகும். அறுபது வருடத்துக்கு முந்தைய மாணவர் பெயர் மட்டும் மறக்காது. மனம் அமைதியாகட்டும் என்று அவருக்கு முதலில் கடற்கரையைப் போட்டார்கள். கண்ணாடி மாட்டிய உடனே செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார். டிவியில் அலை வந்தது. நானும் ஒரு காலைப் பின்னால் எடுத்தேன். காய்ந்த தரையில் நிற்கிறோம் என்று புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

"பார்த்து டீச்சர், பார்த்து!" என்றேன். பயம் வந்தால் என் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். டீச்சரம்மா உடனே குனிந்து காலடியைப் பார்த்தார், ஆள் முன்னால் சாய்ந்தார். விழாமல் பிடிக்க எல்லாருக்கும் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டிவிடுவோம், அதைப் பிடித்து நிமிர்த்தினேன். நிமிர்ந்தவர் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நனையாத தண்ணிக்குள்ள என்னை ஏன் நிக்க விடுறீர்?"

தப்புப் பக்கத்துக் கார்கள்

மாணிக்கம் அண்ணன் கடலுக்கு அக்கரையில் இருக்கிற பாகான் டாலாமிலிருந்து மனைவி லெட்சுமி அக்காவோடு ஃபெரி ஏறி வருவார். லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லையாம்; மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லையாம். தட்டில் வலது பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "மீன் எங்கே?" என்று சண்டை போடுவார். மீன் இடது பக்கம் கிடக்கும். ஏற்கெனவே குளியலறையில் விழுந்து இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லெட்சுமி அக்கா முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு நல்லா ஆகலேன்னாலும் பரவால்ல தங்கச்சி. விழாம மட்டும் பார்த்துக்க."

அண்ணனுக்கு ஒரே ஆசைதான். வீட்டுக்கு எதிரே இருக்கிற காப்பிக் கடைக்குத் தனியாக ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும். அதனால் கண்ணாடிக்குள் ஒரு ரோட்டைப் போட்டார்கள். அது எந்த நாட்டு ரோடோ, கார்கள் முதலில் இடது பக்கத்திலிருந்து வந்தன. நம் ஊரில் வலது பக்கம் பார்த்துத்தானே காலை எடுத்து வைப்போம்? எனக்கே தலை சுற்றியது. தெரப்பிஸ்ட் மிஸ் ஃபரா, "அவருக்கு அந்தப் பக்கம்தான் பயிற்சி வேண்டும், அதனால் இந்த ரோடு நல்லது" என்று மலாயில் விளக்கினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியாது. கண்ணாடிக்குள் கார் மோதி, படம் சிவந்து நின்றது. அண்ணன் கோபமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருசம் லோரி ஓட்டினவன் நான். இந்த ஊர்ல எல்லா பயலும் ஒன்வேல எதிர்த்து வர்றான். மோதினது அவன், பெயிலு எனக்கா?"

கல் எங்கே?

மிஸ் ஃபரா மலாய்ப் பெண். நல்ல பிள்ளை, என்னை 'காக்', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் அண்ணன் கண்ணாடியோடு நிற்கும்போது ஃபரா திடீரென்று மண்டியிட்டுத் தரை முழுக்கக் கையால் தடவியது. நாற்காலிக்கு அடியில் பார்த்தது. என் செருப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தது. ஏதாவது தொலைந்துவிட்டதோ என்று நானும் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே தேடினேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலேதான்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் அவசரத்தில் 'பாத்து, பாத்து' என்று கத்துவது அதன் காதில் பத்துமலையில் இருக்கிற 'பத்து'வாக விழுந்திருக்கிறது. மலாயில் அது கல். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே ஃபரா கேட்டது: "காக், தினமும் கல், கல் என்று கத்துகிறீர்களே, ஒரு கல்லையும் காணோமே?"

பார்க்கவா, வேண்டாமா?

சிரித்துவிட்டு நான் மாறியிருக்கலாம். சொல் என்ன, சட்டையா, கழற்றிப் போட? மறுவாரம் அண்ணன் கண்ணாடிக்குள் ரோட்டோரம் நின்றார். மெல்ல, மிக மெல்ல, தலை இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அதுவரை அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. சந்தோஷமா பயமா தெரியவில்லை, வலது பக்கத்தில் நின்ற நான், "பார்த்து அண்ணே, பார்த்து!" என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முட்டி மடங்கியது. பெல்ட்டைப் பிடித்து இழுத்ததில் என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. நல்லவேளை, அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கதவருகே லெட்சுமி அக்கா, "ஐயோ, இடுப்பு! மகனுக்குத் தெரிஞ்சா இனிமே இங்க விடமாட்டானே!" என்று அழுதார். "ஏண்ணே இந்தப் பக்கம் திரும்புனீங்க?" என்றேன், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. அண்ணன் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. கறுப்புப் பெட்டி மாட்டிய முகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னார்: "நீதான பார்த்து பார்த்துங்கிற. பார்த்தா புடிச்சு இழுக்கிற. பார்க்கவா வேணாமா, ஒண்ணு சொல்லு தங்கச்சி!"

ஜாதிக்காய்

அதன் பிறகு வாயை அடக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். உதட்டைக் கடித்தேன், உதடு புண்ணானது. மனதுக்குள் கந்தர் பெயரைச் சொன்னேன். முருகனுக்கு நடுவிலும் 'பார்த்து' வந்தது. கடைசியில் பசாரில் விற்கிற, சீனியில் ஊறவைத்துக் காயவைத்த ஜாதிக்காயில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய எச்சில் ஊறும்; பேச முடியாது. கை மட்டும் பெல்ட்டில் இருக்கும்.

ஃபரா ஒரு நாள், இன்றைக்குக் கண்ணாடி வேண்டாம், வெளியே நிஜ ரோடு என்றது. எங்கள் நிலையத்துக்கு எதிரிலும் ஒரு காப்பிக் கடை உண்டு. நடுவில் ஒன்வே ரோடு, வண்டிகள் வலது பக்கத்திலிருந்து மட்டும்தான் வரவேண்டும். ஃபரா முன்னாலேயே போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டது. லெட்சுமி அக்கா என்னைவிட மோசம். வாசல் படியிலேயே "என்னங்க, பார்த்…" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் வாயிலும் ஒரு துண்டைத் திணித்தேன். அண்ணன் ரோட்டோரம் நின்றார். நான் பின்னால் பெல்ட்டோடு. அக்கா பக்கத்தில். வலது பக்கம் ஒரு வண்டியும் இல்லை. அக்கா ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார்; நானும் அவரைத் தொடர்ந்தேன். அண்ணன் மட்டும் அசையவில்லை. யாரும் ஒன்றும் சொல்லாமலே அவர் தலை மெல்ல இடது பக்கம் போனது.

சாப்பாட்டுப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று, ஒன்வேயில் எதிர்த்து, இடது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. அண்ணன் தன் பலமுள்ள வலது கையால் அக்காவின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக் கத்தினார்: "பார்த்து!"

நானும் பின்னால் தாவினேன். மோட்டார் எங்கள் சேலையை உரசிப் போனது. அக்காவும் நானும் வாயில் ஜாதிக்காயோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் இன்னொரு முறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, எங்களையும் கூட்டிக்கொண்டு தாண்டிப்போய்க் காப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி வருவதற்குள் சொன்னார்: "அந்தப் பக்கத்துலேருந்துதான் வருவானுங்கன்னு அன்னைக்கே காட்டினாங்கல்ல? நீங்க ரெண்டு பேரும் போய் அந்தக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாங்க."

எது மெய், எது நிகர் என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான், ஆனாலும் கையில் பெல்ட்டும் வாயில் ஜாதிக்காயும் இல்லாமல் இப்போது நான் ரோட்டோரம் நிற்பதே இல்லை.