குன்னூர் மாடி ஊட்டுல ஒரு மீன் தொட்டி

ஈரமான சில்வர் ஓக் மரத்த அறுத்தா ஒரு புளிச்ச வாசம் வரும்... குன்னூர்ல நாங்க குடியிருந்த மாடி ஊடு பூரா ஒரு ஞாயித்துக்கிழமை அந்த வாசம்தான். தலைமுடியில, போர்வையில, வடிச்ச சோத்துல கூட.

கல்யாணமாகி கொஞ்ச மாசந்தான் ஆயிருந்துச்சு. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. வெயில்லயே வளந்தவ. எங்க ஊட்டுக்காரருக்கு வெலிங்டன் மிலிட்டரி கேம்ப்ல சிவிலியன் வேலை. காலைல போனா சாயந்திரம் வருவாரு. நடுவுல சன்னலுக்கு வெளிய மேகம் ஏறும், எறங்கும்... பேச்சுத் துணைக்கு ஆளில்ல.

அவரு வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லீங்க. கேட்டாத்தான் பதில். அதுவும் ஒரு வார்த்தை.

அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, "நான் அங்கயே வந்தர்றேன்"னேன்.

"குடிக்கிறாராடி?"

"இல்லம்மா."

"அடிக்கிறாரா?"

"இல்லம்மா. பேச மாட்டேங்கறாரு."

"சரி, வா. வந்து பேசிக்கலாம்"னாங்க.

திங்கக்கிழமை பஸ்ஸுக்குப் போறதுன்னு முடிவு. துணியெல்லாம் பேக்ல எடுத்து வெச்சு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். அவருகிட்ட இன்னும் சொல்லல.

சனிக்கிழமை சாயந்திரம் வாசல்ல ஒரு பிக்கப் வண்டி வந்து நின்னுச்சு. அவரும் ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியப் படியில ஏத்திட்டு இருந்தாங்க. பின்னாடியே ஒரு மர ஸ்டாண்ட். டிரான்ஸ்ஃபர்ல போன ஒரு ஆஃபீசர் விட்டுட்டுப் போனதாம்.

எதுக்குன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.

கீழ குடியிருந்த ஹவுஸ் ஓனர் போஜன் அய்யா மேல வந்து பாத்தாரு. நீலகிரிப் படுகர். கம்பளித் தொப்பி, கைய பின்னால கட்டிட்டு.

"என் தலைக்கு மேல குளம் கட்டறீங்களா? ஒரு சொட்டு கீழ வந்துச்சு... தொட்டியும் வெளிய, நீங்களும் வெளிய."

ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டாண்ட சன்னலோரம் வெச்சு, தொட்டிய மேல ஏத்தி, பக்கெட்ல தண்ணி ஊத்துனாரு. பாதி ரொம்புனதும் நான் காப்பியோட போய் நின்னேன்.

"சாயுது."

"இல்ல."

"ஏனுங்க, தண்ணியே காட்டுதே..."

எடது பக்கம் தண்ணி ரெண்டு விரக்கடை ஒசரமா நின்னுச்சு. பழைய ஊடு, பலகைத் தரை. அந்தப் பக்கம் எறங்கியிருக்கு. போதாக்குறைக்கு ஸ்டாண்ட தொட்டுப் பாத்தா ஊஞ்சல் மாதிரி ஆடுது. முழுசா ஊத்தியிருந்தா போஜன் அய்யா கட்டில் மேலதான் விழுந்திருக்கும்.

அவரு குனிஞ்சு பாத்தாரு. "ஆமா"ன்னாரு.

மறுபடி மொண்டு மொண்டு வெளிய ஊத்தினோம். சன்னலோரம் வேண்டாம், உத்தரம் போற எடத்துக்கு மேல வெக்கலாம்னு அவரு சொன்னாரு. உத்தரம் எங்க போகுதுன்னு மேல இருந்து தெரியாதே... போஜன் அய்யாவக் கேட்டதுக்கு, "கீழ இருந்து நான் தட்டறேன்"னு வெளக்குமாத்த எடுத்துட்டுப் போனாரு.

போஜன் அய்யா பெஞ்சு மேல ஏறி கீழருந்து தட்ட, நான் தரையில காத வெச்சுப் படுத்துட்டு சாக்பீஸ்ல கோடு போட்டேன்.

"இங்கம்மா!"

"சரிங்கய்யா!"

"இப்ப இங்க!"

கல்யாணமாகி வந்து நான் சத்தம் போட்டுப் பேசுனது அன்னைக்குத்தான்.

கோட்டுக்குக் குறுக்க ஒரு நீளப் பலகையப் போட்டு, அதுமேல ஸ்டாண்ட நிறுத்தினோம். கனம் ஒரே எடத்துல எறங்காம பரவணுமில்ல. பின்பக்கம் பெருக்கல் குறி மாதிரி ரெண்டு சில்வர் ஓக் சட்டம் அறுத்து ஸ்குரூ போட்டாரு, நான் புடிச்சுக்கிட்டேன். எறங்குன காலுக்கு அடியில பிளைவுட் துண்டு. போஜன் அய்யா ஒரு ரசமட்டம் குடுத்தாரு. அதுல இருக்கற காத்துக் குமிழி நடுவுல வந்தா மட்டம் சரின்னு அர்த்தம். வருவேனாங்குது. துண்ட உருவி, சீவி, மறுபடி சொருகி... ஒரு வழியா வந்து நின்னுச்சு.

"ஏறி உக்காரு"ன்னாரு.

"எங்க?"

"ஸ்டாண்ட் மேல. தாங்குதான்னு பாக்கணும்."

நான் ஏறினேன். அவரும் பக்கத்துல ஏறி உக்காந்து ஆட்டிப் பாத்தாரு. அசையல.

எறங்கல ரெண்டு பேரும்.

"பேக்கப் பாத்தேன்"னாரு.

நான் ரசமட்டத்த எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

"எங்கம்மா நான் சின்னதா இருக்கறப்பவே தவறிட்டாங்க. ஹாஸ்டல்லதான் இருந்தேன். எனக்குப் பேச வராது. ஊட்ல ஏதாவது அசைஞ்சுட்டு இருந்தா ஒனக்குப் பொழுது போகும்னு நெனச்சேன்..."

அவரு அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.

"பஸ் எப்ப?"

"நாளைக்கு."

"மீன் வாங்கியாந்து விட்டுட்டுப் போலாமா? நானும் வர்றேன்."

அந்த வாரம் கோல்டு ஃபிஷ் வாங்கினோம். மலைக் குளிருக்கு அதுதான் தாங்கும். அப்புறம் ரெண்டு பேருமா கோபிக்குப் போயிட்டு, ரெண்டு பேருமா திரும்பி வந்தோம். அம்மா ஒன்னும் கேக்கல. போஜன் அய்யா தெனமும் ஒழுகுதான்னு பாக்க வர்றேன்னு வந்து, சேர் போட்டு மீனப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு.

இப்ப கோயமுத்தூர்ல ஃபிளாட். போஜன் அய்யா இல்ல, அந்த ஊட்ட இடிச்சு காட்டேஜ் கட்டிட்டாங்க. போன மாசம் புதுசா ஒரு தொட்டி வாங்கினோம். கடைக்காரப் பசங்களே வந்து இரும்பு ஸ்டாண்ட மாட்டி, லேசர்ல மட்டம் பாத்து, "ஓகே மேடம்"னு போயிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. குறை சொல்றதுக்கு ஒன்னுமில்ல.

குன்னூர்ல அந்தப் பலகைத் தரையில யாரு நடந்தாலும் தண்ணி லேசா நெளியும். சமையக்கட்டு வாசல்ல நின்னு அதப் பாத்தே அவரு வேலை முடிஞ்சு உள்ள வந்துட்டது தெரியும் எனக்கு.

இங்க டைல்ஸ். யாரு வந்தாலும் போனாலும் தண்ணி அப்படியே நிக்குது...