மூன்று சுழி ‘பனியண்’

“துருப்பிடிச்ச தகரத்தையெல்லாம் எதுக்குங்க சார் சேர்த்து வெக்கறீங்க?” என்று பழைய மாணவி ஒருத்தி முன்பு கேட்டாள்.

பழைய விளம்பரப் பலகையில் எழுதியவரின் கை தெரியும் என்றேன். உதாரணத்துக்கு, எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் கடைப் பலகையைச் சொன்னேன். அதில் மூன்று சுழி போட்டு ‘பனியண்’ என்று எழுதியிருக்கும்.

அந்தப் பலகைக்காக இரண்டு வருடம் நடந்தேன். போன வாரம்தான் கடைக்காரர் தருவதாகச் சொன்னார். “அந்த மூணு சுழிக்குத்தாங்க இவ்வளவு ஆசை” என்று சிரித்துவிட்டு வந்தேன். சிரிக்காமல் வந்திருக்கலாம்.

இன்று காலை போனால் பலகை பளபளவென்று இருந்தது. துருவைத் தேய்த்து, புது பெயிண்ட் அடித்து, இரண்டு சுழியில் ‘பனியன்’ என்று எழுதி வைத்திருந்தார்.

“ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க?”

“வாத்தியாருக்குப் போயி டேமேஜ் பீஸ் குடுக்க முடியுங்களா? நீங்க சிரிச்சதும் எனக்குக் கூச்சமாப் போச்சுங்க.”

“பழைய எழுத்து அடியில இருக்குதுங்களா?”

“ஒரு பொட்டு இல்லீங்க. சுத்தமாச் சுரண்டியாச்சு” என்றார் பெருமையாக.

முப்பது வருடம் சிவப்பு மையால் பிழை திருத்தியவன் நான். ஒரே ஒரு பிழையைக் காப்பாற்ற முடியவில்லை. எரிச்சலை விழுங்கி, நன்றி சொல்லி, பலகையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பலகை இருந்தால், கடைக்காரரிடம் பேசும் முன், சிரிக்காமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.